புகை இல்லாத நாளில் ஸ்டீபன் இறங்கிய குழி

சிமென்ட் ஆலையில் நான் மிகவும் பயந்தது, சிம்னியில் புகையே இல்லாத ஒரு நாளில்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த ஒரு மினி சிமென்ட் ஆலையில் நான் லேப் கெமிஸ்ட். சுண்ணாம்புக்கல்லை அரைத்து, கரித்தூளோடு உருண்டை பிடித்து, கில்ன் என்னும் செங்குத்தான சூளையில் மேலிருந்து கொட்டுவோம். வெந்து கீழே வருவது கிளிங்கர். கல்லின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அத்தனை எடை எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

1. மேனேஜரின் ஏற்பாடு

எங்கள் மேனேஜர் திருவனந்தபுரத்தில் ஒரு ஆலோசகரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். ஆலைகள் விடும் கார்பனுக்கு ஓர் அளவு வைப்பது பற்றி வெளிநாடுகளில் பேச்சு நடக்கிறதாம். அளவுக்குக் குறைவாக விடுகிறவர், மிச்சத்தைக் கூடுதலாக விடுகிறவருக்கு விற்கலாமாம். இதில் ‘விற்கலாம்’ என்ற சொல் மட்டும் நம்ம ஆள் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஆலோசகரையே ஆலையைப் பார்க்க அழைத்துவிட்டார்.

அவர் வருகிற அன்று காலையில் உத்தரவு வந்தது.

“புகை ஒண்ணும் காணப்பிடாது, கேட்டோ. ப்ளோவரை நிறுத்து. டாம்பரை அடை.”

“சாறே, புகை வேற, கார்பன் வேற. அதுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. உள்ள கல்லு வெந்துட்டுதான் இருக்கும்.”

“நீ லேபைப் பாத்தா போதும்.”

டாம்பர் தகட்டை இறக்கி, சிம்னிக்குப் போகும் வழியை அடைத்தார்கள். காற்று ஊதும் ப்ளோவர் நின்றதும் ஆலையில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் காக்கை கரைவதை அன்றுதான் கேட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

2. தம்புரான் விளக்கு

கில்னுக்கு அடியில் கிளிங்கர் இறங்கும் குழி உண்டு. அது ஒரு காலத்தில் காவல் தெய்வமான தம்புரானின் பீடம் இருந்த இடம் என்பார்கள். அதனால் குழிக்குள் இறங்குமுன், படிக்கட்டின் மேல் சுவரில் தலை உயரத்தில் இருக்கும் பிறையில், அந்தச் சின்ன மாடத்தில், எண்ணெய் விளக்கு ஏற்ற வேண்டும். நின்று எரிந்தால் தம்புரான் சம்மதம், இறங்கலாம். அணைந்தால் கூடாது. சர்ச் கமிட்டியில் இருந்த ஃபிட்டர் ஸ்டீபனும் ஏற்றாமல் இறங்கமாட்டார். தம்புரானுக்கு வைத்த விளக்கு காலடி மட்டத்துக்கு வரக்கூடாது என்பதால்தான் அவ்வளவு உயரம்.

கில்ன் நின்றிருக்கும்போதே, கிளிங்கரை இறக்கும் கேட்டைச் சரிசெய்துவிடலாம் என்று ஸ்டீபன் விளக்கேற்றிவிட்டு இறங்கினார். கடைசிப் படியில் ஆலை நாய் சுருண்டு கிடந்தது. தூங்குகிறது என்று தாண்டிப் போனாராம்.

சிறிது நேரம் கழித்து கிளிங்கர் சாம்பிள் எடுக்க நான் போனேன். எட்டிப் பார்த்தால், ஸ்டீபன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஸ்பேனர். கண் திறந்திருக்கிறது.

கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கில்னின் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் தங்கையன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். “வெளக்கு எரியுதுல்லா மக்கா. பேடிக்க ஒண்ணும் இல்ல. அவன் சும்மா இருக்கான்.”

நாலைந்து படி இறங்கிக் குனிந்தேன். சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம் சுரீரென்று ஏறியது. சிம்னி வழி அடைபட்டதில், காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு குழிக்குள் இறங்கித் தேங்கியிருந்தது. மேலே ஓடிவந்து விளக்கை எடுத்துக் கயிற்றில் கட்டினேன்.

“அதைக் கீழ எறக்காத மக்கா. குத்தமாக்கும்.”

இறக்கினேன். பாதிக் குழி போனதும், காற்று துளிகூட இல்லாத இடத்தில், சுடர் ஆடாமல் அசையாமல் அணைந்தது. திரியின் புகை மேலே வரவில்லை. தண்ணீர்மேல் படர்வதுபோலத் தட்டையாகப் பரவி நின்றது. அதற்கு அடியில் ஸ்டீபனின் முகம். கண் இமைக்கவில்லை.

டாம்பரைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். கம்ப்ரஸர் ஹோஸைக் குழிக்குள் விட்டோம். தங்கையன் அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கி, ஸ்டீபனின் கக்கத்தில் இன்னொரு கயிற்றை மாட்டிவிட்டு ஏறினார். அதற்குள் ஆலைக்கு வந்துவிட்டிருந்த ஆலோசகரும் பளபளக்கிற ஷூவோடு ஓடிவந்து கயிறு பிடித்தார். வெளியே போட்டுக் காற்று பட்ட பிறகு ஸ்டீபனுக்கு மூச்சு திரும்பியது. நாய்க்குத் திரும்பவில்லை. மேனேஜர் சிம்னியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். டாம்பர் திறந்ததும் புகை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் தங்கையன் அண்ணன் பழைய பிறையைச் சிமென்ட் வைத்து அடைத்தார். “இனி கயித்துல கட்டி வெளக்குதான் முன்னால எறங்கும். ஆளு பொறவு. தம்புரான் பொறுத்துக்கிடுவாரு.”

நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் ஸ்டீபனைப் பார்க்கப் போனேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“நீங்க கூப்பிட்டது எல்லாம் கேட்டுது மேடம். நான் எந்திரிச்சுப் படியேறி வந்து, ஒங்க பக்கத்துல நின்னு, இந்தா வந்தாச்சுன்னு சொன்னேன். நீங்க திரும்பவே இல்ல. கீழயே பாத்து என் பேரக் கூப்பிட்டுட்டு நின்னிய.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். குழியில் இறங்கியவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்பதால் அவர் நம்மோடு இருக்கிறார் என்று நம்பாதீர்கள். இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.