விளக்கை அணைத்த ராணி

அண்ணன் அம்மாவோடு பேசாமல் இருந்த நாலு மாதமும் எங்கள் வீட்டில் தபால்காரி வேலை எனக்குத்தான். தண்டையார்பேட்டையில் ஒரே அறையும் ஒரு சமையல்கட்டுமான வீடு. கையை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொட்டுவிடலாம். ஆனாலும், "சோறு போடச் சொல்லு" என்று அவன் என்னிடம் சொல்ல வேண்டும். "கொயம்பு இன்னும் கொதிக்கலன்னு சொல்லு" என்று அம்மாவும் என்னிடமே சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வரும் அப்பா இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

சண்டைக்குக் காரணம் வீடியோ கேம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின மாதம், டியூஷன் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த தெரு கேம் கடையில் உட்கார்ந்திருந்தான். அம்மா நேரே கடைக்குள் போய், அவனுடைய தோஸ்துகள் அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள். அடிகூட வலிக்கவில்லை, மற்றவர்கள் பார்த்ததுதான் வலித்தது என்று அவனே என்னிடம் சொன்னான். அன்றைக்கு மூடிய வாயை, பாஸாகி வேலூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் விடுதியோடு இடம் கிடைத்த பிறகும் திறக்கவில்லை. பத்து நாளில் கிளம்ப வேண்டும். பேசாமலேயே போய்விடுவானோ என்று அம்மாவுக்கு ஒரே பயம். வெளியே சொல்லவில்லை. அவன் பெட்டியில் வைத்த சட்டைகளை மட்டும் எடுத்து எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அதே கேமின் இரண்டாம் பாகம் கடைக்கு வரப்போகிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. முதல் பாகத்தின் கதை தெரியாதவனுக்கு இரண்டாம் பாகத்தில் ஒரு எழவும் புரியாது என்று கடைக்காரர் வேறு சொல்லிவிட்டார். பையன்களுக்குக் கதை சொல்ல அண்ணனை விட்டால் ஆள் கிடையாது. திரையில் வரும் ஆங்கிலத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்து, ராஜாக்களின் வம்சம், கோட்டைப் படம், யாருக்கு யார் எதிரி என்று எல்லாவற்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அவ்வளவு அழகான கையெழுத்தை அவனுடைய பள்ளிக்கூட நோட்டு எதிலும் நான் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் அவன் நோட்டை விரித்தால் கேரம்போர்டு ஆடுகிறவர்கள்கூட எழுந்து வந்து உட்காருவார்கள். என் அண்ணன் என்று நானும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு மத்தியானம், ஜாக்கெட்டுக்கு ஹூக்கு தைத்துக்கொண்டிருந்த அம்மா, "மாடில அவன் இன்னா கதை சொல்லிக்கினு கீறான்? எனுக்கும் சொல்லேன்" என்றாள்.

நான்காம் வகுப்பு படிக்கிறவளுக்கு அம்மாவே மாணவியாக வந்தால் கேட்கவா வேண்டும்! சொன்னேன். ஏழு கோபுரங்களில் ஏழு விளக்குகள். இருட்டில் டிராகனுக்குக் கண் தெரியாது. இளவரசனைத் தேடி டிராகன் வரும்போது ராணி ஏழு விளக்கையும் அணைத்துவிடுகிறாள். அவற்றை மறுபடி ஏற்றவே முடியாது. நாடே இருண்டுபோனதில் துரோகி என்று ஜனங்கள் அவள்மேல் கல்லெறிகிறார்கள். மகனும் அவளை வெறுத்து ஊரைவிட்டே போய்விடுகிறான்.

அம்மாவின் ஊசி நின்றுவிட்டது. "அவனுக்காண்டிதான் அணைச்சான்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது பார்ட்லதான் தெரியுமாம்."

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள், தளபதி கோர்வாத்தின் குதிரை என்ன நிறம் என்பதுவரை ஒன்றும் பிசகாமல் அவளே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நூற்றுக்கு நூறு போட்டேன்.

அண்ணன் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு வரிசையில் நின்றோம். அம்மாவுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அண்ணன். முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா திடீரென்று கதையை ஆரம்பித்தாள். கோபுரம், டிராகன், கோர்வாத், அவனுடைய சாம்பல் நிறக் குதிரை, எல்லாம் அச்சு மாதிரி வந்தது. தெருவுக்கே கேட்கிற குரல்.

"எந்த சேனல்ல போட்றான்?" என்றாள் அந்த அக்கா.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "ஆனா அந்த ராணி கீறாளே, சுத்த மோசக்காரி. திமிருல வெளக்க அணைச்சிட்டா. பெத்த புள்ளன்னுகூட பாக்கல."

நான் சொல்லிக்கொடுத்தது அதுவல்ல. அவள் முந்தானையை இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அண்ணனுக்குக் காது சிவந்திருந்தது. குடத்தைத் தரையில் வைத்துவிட்டான்.

"அப்டி இல்லம்மா" என்றான். "அவ கெட்டவ இல்ல. புள்ளைய காப்பாத்தத்தான் அணைச்சா. அவனுக்குத்தான் அது தெரில."

"அப்டியா நைனா? எனுக்கு இன்னா தெரியும். நீ ஒயுங்கா சொல்லு, கேக்கறேன்."

தண்ணீர் பிடித்ததும் அம்மாவின் குடத்தையும் அவனே தூக்கிக்கொண்டான். தண்ணீர் தளும்பித் தளும்பி வீடுவரை கதை நடந்தது. கோபுரத்திலிருந்து, டிராகனிலிருந்து, அவளுக்குத் தெரிந்த அத்தனையையும் அவன் மறுபடி சொன்னான், அம்மா புதிதாகக் கேட்கிறவள் போல "அப்பால?" "அப்பால?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு, "சோறு போடும்மா" என்று அவன் நேராகவே அவளிடம் கேட்டான். எனக்குத் தபால்காரி வேலை போய்விட்டது.

அழுகை அழுகையாக வந்தது. மூன்று நாள் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தும் இப்படி நடுத்தெருவில் என் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அம்மாவோடு சண்டைக்குப் போனேன். "உனுக்கு சொல்லிக் குடுக்கத் தெரில" என்று சொல்லி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்றுகூடப் பார்க்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குதிரையின் நிறத்தைக்கூட மறக்காதவள் அந்த ஒரு இடத்தில் மட்டும் எப்படித் தப்பாகச் சொல்வாள் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.