மேலே ஏறாத கண்

இன்னைக்கு மந்தாரக்குப்பம் பஸ்ஸுல முருகையன் அண்ணனைப் பார்த்தேன். மைன்ஸ்ல என்னோட ஒரே ஷிஃப்ட்ல வேலை பார்த்தவர்.

சீட்டுப் பக்கத்துல நின்னு, "நல்லா இருக்கீங்களாண்ணே?"ன்னேன்.

என் சட்டைப் பட்டனையே பார்த்துக்கினு இருந்தார். நிமிரவே இல்ல.

"எம்மேல கோவமாண்ணே?"

கூட இருந்த அண்ணிதான் சொன்னாங்க. "ஸ்ட்ரோக்குங்க. மூளைக்குள்ள ஆழத்துல அடைப்பாம். கைகாலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கண்ணுதான் மேல ஏற மாட்டேங்குது. கழுத்தத் தூக்குனா தலை சுத்துது."

"உக்காருய்யா, உன் மூஞ்சியப் பாக்கணும்"னார் அண்ணன்.

கூட்டத்துக்கு நடுவுல குத்துக்கால் போட்டு உக்கார்ந்தேன். என் முகத்தையே பார்த்தார். "இளைச்சிட்டியே"ன்னு கன்னத்தைத் தொட்டார்.

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு, கண்ணை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துக்கினே இருக்கேன்.

படிக்கும்போதே நீங்களும் ஒருதடவ மேல பார்த்தீங்கதானே?