சூடேறக் காத்திருந்த கார்

ஆக்லாந்தில் காரை ‘அவள்’ என்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஜூலையில் குளிரும் என்பதே மனதில் ஏறாத காலம். பாபகூராவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோமேட்டிக் காரின் கண்ணாடி விடிகாலையில் பனியால் வெளுத்திருக்கும். திருச்சியில் மொபெட்டை மிதித்தால் உடனே தெருவில் இருப்பேன். இங்கே இஞ்சினைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் குளிரில் தடித்துப்போயிருக்கும் என்பார் என் கணவர்.

அன்று அவர் விரி என்ற பகுதியில் கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். எங்கள் ஐந்து வயது மகள் ரம்யாவுக்கு இழுப்பு வந்தது, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. அவள் உதடு கறுப்பதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். ஆம்புலன்ஸ் என்ற ஒன்று நினைவுக்கே வரவில்லை. இஞ்சினைப் போட்டதுமே கியர் லீவரை ‘டி’க்கு இழுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இஞ்சின் அலறியது, கார் அசையவில்லை. மறுபடி மிதித்தேன். அலறல்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜிம் வந்தார். பார்வை மங்கியதால் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர். ஜன்னலருகே குனிந்து, “ஷீல் பி ரைட்” என்றார். அவள் சரியாகிவிடுவாளாம்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன டாக்டரா?” என்று கத்தினேன். கத்தியது தமிழில். அவர் திகைத்துப் பின்சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அவர் காரைச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுச் செருப்போடு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே என்றார். லீவரை ரிவர்ஸுக்கும் டிக்குமாக மெல்ல மாற்றச் சொன்னார். பிறகு காத்திருக்கச் சொன்னார். பின்னால் குழந்தையின் மூச்சு விசிலடித்தது. அது கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எதற்காக இந்த ஊருக்கு வந்தோம் என்பது மட்டுமே ஓடியது. கடைசியில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள். மதியத்துக்குள் உதட்டில் நிறம் திரும்பியது. வேலை உடுப்போடு ஓடிவந்த கணவரிடம் ஜிம், கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துவிட்டது, அதுதான் குளிரில் கியர் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போதும். ஊருக்கே போயிடலாம்.”

“ஆமா, போயிடலாம்” என்றேன்.

ரம்யா மாஸ்க்கை விலக்கினாள். “கேன் வீ கோ ஹோம்?”

“போலாம்டா. பாட்டி வீட்டுக்கே போயிடலாம்” என்றார் இவர்.

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “நோ, அப்பா” என்றாள், புரியாதவர்களுக்குச் சொல்வதுபோல நிதானமாக. “ஹோம்.”