ஆலந்தலைக்காரர் அனுப்பிய அட்வான்ஸ்

தூத்துக்குடியில் பழைய படகு எஞ்சின் பாகங்கள் விற்கிறேன். ஒரு கியர்பாக்ஸின் படத்தை இணையத்தில் போட்டிருந்தேன். படகு கரையில் கிடக்கிறது என்று சொல்லி, ஆலந்தலை மீனவர் ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினார். மறுநாளே இன்னொருவர் கூடுதல் விலை தர, அவருக்கு விற்றுவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தர மனமில்லை. ஆலந்தலைக்காரரின் நம்பரை பிளாக் செய்தேன்.

அதிலிருந்து நான்காம் நாள், போனில் அந்தப் படத்தைக் காட்டிக் கடை கடையாக விசாரித்து வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, நல்லாருக்கியளா? நாலு நாளா போன் போகல. கடலுக்குப் போனவன் போன் எடுக்கலன்னா நாங்க தேடிப் போவோம்லா. அதான் வந்தேன்.”

“காய்ச்சல்” என்றேன்.

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “இப்ப சூடு இல்ல. மாதா காப்பாத்திட்டா” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பொருள் விற்றுப்போனதைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. “உடம்பப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முன்பின் தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்பாதீர்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அந்த ஆள் நான்தான்.