காதில் விழாத ஜெனரேட்டர்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ரெண்டானி முதலில் அண்ணாந்து பார்ப்பாள். தேவாலயம், மருத்துவமனை, துக்க வீட்டுக் கூடாரம் எதுவும் விலக்கில்லை. விளக்கு எத்தனை, ஏசி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று கண் தானாக ஓடும். ஒரு கல்யாணத்தில் தோழி விலாவில் இடித்தாள். "மாப்பிள்ளையப் பாருடி. பல்பு எங்கயும் ஓடிப் போயிடாது."

அது தொழில் கொடுத்த பழக்கம். அலுவலகக் கட்டடங்கள் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் தின்கின்றன என்று அளந்து, சிக்கனமான ஏ முதல் ஊதாரியான ஜி வரை தரம் போடும் சிறு நிறுவனம் ஒன்றில், தென்னாப்பிரிக்காவின் பொலோக்வானேயில் அவளுக்கு வேலை. அந்தச் சான்றிதழைக் கட்டட வாசலில் மாட்டியாக வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். தன் மகள் கட்டடங்களுக்கு மார்க் போடுகிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவளைப் பொறுப்பாக்கி அனுப்பிய முதல் கட்டடம் நான்கு மாடி அரசு அலுவலகம். மின்வெட்டு ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை நீண்ட ஆண்டு அது. கட்டடத்தைப் பராமரித்தவர் லெசிபா, அறுபதை நெருங்கியவர். கரண்ட் போனதும் கேன்களைத் தூக்கிப்போய் டீசல் ஊற்றி ஜெனரேட்டரை ஓட்டுவது அவர் பாடு. புகை நேராக அவர் அறை ஜன்னலுக்குள் வரும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமுவார். மதியம் தன் சோளக்களியில் பாதியை அவளுக்கு வைத்தார்.

தரம் குறைந்த கட்டடங்களுக்குத்தான் கூரையில் சோலார் தகடு முதலில் வரும் என்று ரெண்டானி கேள்விப்பட்டிருந்தாள். சாப்பிட்ட கை காயுமுன் சொல்லிவிட்டாள். "இது டி-யத் தாண்டாது ஐயா. இந்த வருஷமே தகடு வந்துரும். நீங்க கேன் தூக்க வேண்டாம்." அப்படிச் சொல்ல அவளுக்கு என்ன அதிகாரம்? எதுவுமில்லை.

பன்னிரண்டு மாத மின் பில்களைக் கூட்டி, அளந்த தரைப்பரப்பால் வகுத்தாள். பி வந்தது. அவளே நம்பவில்லை. மறுபடி அளந்தாள், மறுபடி வகுத்தாள். அதே பி. மேலாளர் மொலோட்டோ மேடம் கையெழுத்திட்டார். அந்த அரசு அலுவலகத்தின் தலைவர் கேக் வெட்டினார்.

மூன்று வாரம் கழித்து, சலூனில் பாதித் தலை பின்னிய நிலையில் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்தது. வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். பின்னிக்கொண்டிருந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். அப்போதுதான், அதுவரை எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தது ரெண்டானிக்கு உறைத்தது.

லெசிபாவிடமும் கத்தித்தான் பேசினாள். கேனையும் பார்த்தாள், புகையையும் பார்த்தாள். படிவத்தில் டீசலுக்கு ஒரு வரி இருக்கிறது. அதில் தன் கையாலேயே பூஜ்யம் போட்டிருக்கிறாள். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் பில்லில் சிக்கனமாக நின்றிருந்தது.

நான்கு நாட்கள் எந்த போன் அடித்தாலும் அந்த அலுவலகமோ என்று எண்ணைப் பார்த்தாள். சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சொன்னால் வேலை போகலாம், அம்மாவால் யார் முகத்திலும் விழிக்க முடியாது. நேற்று வரை இது கவனக்குறைவு. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

ஐந்தாம் நாள் மொலோட்டோ மேடத்திடம் படிவத்தோடு போய்ச் சொன்னாள். அவர் படிவத்தை வாங்கி டீசல் வரியைப் பார்த்தார்.

"அன்னிக்கு அங்கேருந்து எனக்குப் போன் பண்ணினேல்ல. காது கிழியக் கத்தினே. நானும் பதிலுக்குக் கத்தினேன்." படிவத்தைத் தள்ளி வைத்தார். "எனக்கும் ஜெனரேட்டர் காதுல விழல. போ, அந்த பி-யக் கழட்டிட்டு வா."

டீசலைச் சேர்த்ததும் ஈ தரம் வந்தது. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. வேலை தப்பித்தது. ஆனால் தகட்டுக்கான பட்டியல் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. பி வாங்கிய கட்டடம் என்று அதன் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள்.

பழையதைக் கழற்றிப் புதியதை அவளே மாட்டினாள். தலைவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. லெசிபா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப தகடு?"

"அடுத்த வருஷ லிஸ்ட்ல வரும் ஐயா."

"அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட்டும்மா." கோபமாகச் சொல்லவில்லை. இருமிவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறு ஆண்டு தகடு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் ஊருக்குப் போயிருந்தார். இப்போதும் ரெண்டானி நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறாள். அவரைப் பார்த்து, அந்த ஒரு வருடப் புகைக்குத் தான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். ஊர் தூரமில்லை, டாக்ஸியில் ஒரு மணி நேரம். ஆண்டு நான்கு ஆகிறது. அவள் இன்னும் போகவில்லை.