அமைச்சர் சொன்னதாக ஐயா சொன்னது

அமைச்சர் சிங்களத்தில் ஒரு பதிலைச் சொல்லி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் ஐயா உடனே தமிழில் தொடங்க மாட்டார். மேசையில் இருக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். குவளையை ஆறுதலாக வைப்பார். பிறகுதான் ஒலிவாங்கியைக் கையில் எடுப்பார். தொண்டை வறண்ட மனிதர் என்றுதான் மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குள் என்ன நடந்தது என்பது இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விளங்கும். எங்கள் அலுவலகத்தில் அவரைத் தவிர அப்படி இருந்தவள் நான் ஒருத்திதான். பதவி உயர்வுப் பரீட்சைக்காகச் சிங்களம் படித்தவள். படிக்காமலே விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருகோணமலை நகரத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அரச அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்து, வடக்கே இன்னும் நடந்துகொண்டிருந்த காலம் அது. யன்னலைத் திறந்தால் கடற்படைக் கப்பல்கள் சாமான் ஏற்றுவது தெரியும். சண்டை வேண்டாம் என்று வெளியில் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஆனாலும் ஊர் ஊராக அந்தக் கதை இருந்தது, தெற்கிலும் இருந்தது. அதை அடக்கத்தான் அமைச்சர்மார் மக்கள் சந்திப்பு என்று வைத்துக்கொண்டு வருவார்கள். வருவதற்கு முதல் நாள் கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கி, வகை பிரித்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. தண்ணீர், வீதி, வீட்டுத்திட்டம் எல்லாம் ஒரு கட்டு. காணாமற்போனவர்கள், குண்டு விழுந்த பள்ளிக்கூடம், எதற்கு இந்தச் சண்டை என்பதெல்லாம் இன்னொரு கட்டு. முதலாவது கட்டுக்கு மேலே கிளிப் போட்டு அமைச்சரின் மேசையில் வைப்போம். இரண்டாவது கட்டு என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். கூட்ட அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு வரிதான் வரும்: ஏனையவை, அவதானத்தில் எடுக்கப்பட்டன. வெட்கமில்லாமல் அந்த வரியை எத்தனை தரம் தட்டச்சு செய்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அமைச்சர்மாரில் பல ரகம் பார்த்தாயிற்று. ஒருவர் கேள்வி கேட்டவரிலேயே பாய்வார். ஒருவர் பகிடி விட்டுச் சிரிக்க வைத்து அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஒருவர் தன் தம்பியும் செத்தவன்தான் என்று கைலேஞ்சியால் கண்ணை ஒற்றுவார், அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது? ஒருமுறை பக்கத்துக் குடியேற்றக் கிராமத்திலிருந்து ஒரு சிங்களத் தாய் எழும்பி, தன் மகன் போர்முனையில் என்ன ஆனான் என்று ஆறு மாதமாக ஒருவரும் சொல்லவில்லை, இன்னும் எத்தனை பிள்ளைகளை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார். அமைச்சர் இறங்கிப் போய் அவருடைய தலையில் கைவைத்து, உங்கள் மகன் நாட்டின் வீரன் என்றார். படம் எடுத்தார்கள். அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இல்லாமலே கதிரையில் இருந்துவிட்டார். அன்று ஐயாவுக்கு வேலை இல்லை. என் பக்கம் குனிந்து, "பாத்தியோ பிள்ளை, பாஷை தெரிஞ்சாலும் மறுமொழி இல்லை" என்றார்.

ஐயா கெட்ட மனிதர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் நகரத்தில் மாடுகளைப்போல வீதியில் திரிகிற மான்களைக் குறுக்கே நிற்கின்றன என்று ஏசிக்கொண்டே வருவார். எங்களுக்கும் ஏச்சு விழும். "உங்கட தமிழும் ஒரு தமிழோ" என்று கடிதத்தைத் திருப்பி எறிவார், பிறகு தானே திருத்தித் தருவார். கறாரான மனிதர். அப்படிப்பட்டவர் மேடையில் மட்டும் ஏன் வசனங்களைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிறார் என்று நான் ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒருக்கா ஒரு மனுசன் கேட்டதை அப்பிடியே நேரா மொழிபெயர்த்தனான். அடுத்த கிழமை அந்த மனுசன் வீட்டில இல்லை. இப்ப வரைக்கும் இல்லை. அதுக்குப் பிறகு எனக்கு ஏலாது, பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார்.

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்து எழும்பிய கூட்டத்திலும் நான் ஐயாவுக்குப் பின்னால்தான் இருந்தேன். அவர் துண்டு எழுதித் தந்திருக்கவில்லை. எழுத்துத் தெரியாதவர். கூட்டம் முடியப்போகிற நேரத்தில் தானாக எழும்பினார். மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

"ஐயா, இந்தச் சண்டையை ஆரும் எங்களிட்டக் கேட்டுத் தொடங்கல்ல. எங்களக் காப்பாத்தத்தான் எண்டு றேடியோவில சொல்றீங்க. நாங்க இடம்பெயர்ந்து வரக்குள்ள சோதனைச் சாவடியில என்ட மகன பஸ்ஸால இறக்கி எடுத்தாங்க. அவன ஆரிட்ட இருந்து காப்பாத்தினீங்க? அவன் எங்க எண்டு மட்டும் சொல்லுங்க."

ஐயா சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: இடப்பெயர்வில் இந்த அம்மாவின் மகன் வழிதவறிப் பிரிந்துவிட்டாராம், கௌரவ அமைச்சரின் உதவியைப் பணிவாகக் கேட்கிறார். அப்படிச் சொன்னதற்கே அமைச்சரின் முகம் கறுத்தது. சண்டை என்றால் இப்படித்தான், ஒழுங்கான பிள்ளை என்றால் வீட்டில் இருந்திருப்பான், போனவன் போனவன்தான், இனி இதைக் கதைத்துக்கொண்டு திரியாமல் இருப்பது இவருக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் என்று கையைக் காட்டினார். ஐயா தண்ணீர் குடித்தார். அன்று வழக்கத்தைவிடக் கூட நேரம் எடுத்தது.

"அம்மா, அமைச்சர் சரியாக் கவலைப்படுறார். தேடிப் பாக்கச் சொல்லுறன் எண்டு சொல்லுறார். நீங்கள் மனம் விடாமல் இருங்கோ."

அந்த அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கோணும் ஐயா" என்றார். இதை மட்டும் ஐயா ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். அமைச்சர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

கேள்வியைக் கழுவியதில் ஓர் உயிர் தப்பியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மறுமொழியையும் கழுவியதுதான் பிழை. கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருக்கு ஓர் இரக்கம், கூடவே பல வருசப் பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு தாயை எத்தனை வருடத்துக்குக் கட்டிப்போடும் என்று அவர் யோசிக்கவில்லை. மாதம் ஒருமுறை அந்த அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். "அமைச்சர் தேடச் சொன்னாரே, என்னவாம்?" என்பார். "பாத்துக்கொண்டிருக்கினம் அம்மா" என்பார் ஐயா, முகத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு. சண்டை முடிந்தது. அமைச்சர் மாறினார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவித்தொகை வரும் என்றார்கள், அந்த அம்மா எடுக்கவில்லை. அமைச்சர் தேடுகிற பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதா என்று எங்களையே ஏசினார். மகனுக்கு அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. அவனுடைய சாரமும் சேட்டும் துவைத்து மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஒருநாள் அவருடைய மகள் மட்டும் தனியாக வந்தாள். மட்டக்களப்பில் கலியாணம் செய்து இருப்பவள். தாயைத் தன்னோடு கூட்டிப்போக எத்தனையோ தரம் கேட்டும் தாய் அசையவில்லையாம். வீட்டை விட்டுப் போனால் தகவல் கொண்டு வருகிறவர் ஆளில்லாத வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவாராம். "மிஸ், அண்டைக்கு அமைச்சர் உண்மையா அப்பிடிச் சொன்னவரா? இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லிப்போடுங்க. அம்மா நாலு நாள் அழுவா, பிறகு என்னோட வந்திருவா." என் கண்ணுக்கு முன்னால் நின்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐயாவிட்டைக் கேளுங்கோ, அவருக்குத்தான் தெரியும் என்றேன். ஐயா அன்று லீவு. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஐயா ஓய்வு பெற்றார். அவருடைய இடம் எனக்கு வந்தது. நெஞ்சு வருத்தத்தில் படுத்திருந்தவரை லிங்கநகரில் போய்ப் பார்த்தேன். வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை. "அந்த மனுசிக்குச் சொல்லிப்போடு பிள்ளை. எனக்கு வாய் வரேல்ல" என்றார். ஓம் என்றேன். அந்த மாரி மழைக்குள்ளேயே கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த அம்மா மாதா மாதம் வந்தார். எனக்கும் வாய் வரவில்லை.

பிறகு புதிய ஆட்சி வந்தது. புதிய தலைவர் ஒருவர் சந்திப்புக்கு வந்தார். மேடை வேண்டாம் என்று சனத்தோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் தன் கையாலேயே கொப்பியில் எழுதினார். துண்டு எழுதி வாங்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். இந்த முறை ஒரு சொல்லும் கழுவுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். அந்த அம்மா எழும்பினார். முதுகு வளைந்துவிட்டது, குரல் மட்டும் அதேதான். "முந்தின அமைச்சர் என்ட மகனத் தேடச் சொன்னவர். நீங்க அதை முடிச்சுத் தாங்க" என்றார். அப்படியே சொன்னேன். தலைவர் அதிகாரிகளின் பக்கம் திரும்பினார். அப்படி ஓர் உத்தரவு எந்தக் கோப்பிலும் இல்லை என்றார்கள். அது எங்கள் காலத்தில் நடந்ததல்ல, பழைய புண்ணைக் கிளறினால் நாடு முன்னுக்குப் போகாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார் தலைவர். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். அதோடு நிற்காமல், பல வருடமாகத் தொண்டையில் கிடந்ததையும் சொன்னேன்.

"அம்மா, முந்தின அமைச்சரும் தேடச் சொல்லேல்ல. போனவன் போனவன்தான் எண்டுதான் அண்டைக்குச் சொன்னவர். நான் பக்கத்தில இருந்து கேட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலைவரின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, இந்தப் புள்ளைக்கு உங்கட பாஷை சரியாத் தெரியாது. நீங்க சொல்றத பிழையாச் சொல்லுது. முந்தி ஒரு ஐயா இருந்தவர், அவர்தான் சரியாச் சொல்லுவார். அவரக் கூப்பிடுங்க."

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். செய்தேன். அன்று முழுவதும் இறுகிக் கிடந்த தலைவரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. இத்தனை காலமும் எங்கள் இரண்டு சனங்களுக்கும் நடுவில் இருந்தது இந்த மொழிப் பிரச்சினைதான், நல்ல மொழிபெயர்ப்பாளர்களை உடனே நியமிப்போம் என்றார். அதையும் தமிழில் சொன்னேன், மண்டபம் கைதட்டியது. அந்த அம்மாவும் தட்டினார். சண்டையைப் பற்றிக் கேட்ட கேள்வி என் தலையில் வந்து முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை என்னைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு ஒரு தங்கச்சி வந்தாள், கெட்டிக்காரி. மாதம் பிறந்ததும் அந்த அம்மாவும் வந்தார். தங்கச்சி எழும்பி என்னிடம் வந்து, "அக்கா, அந்த அம்மாவின்ட மகனைப் பற்றி ஏதும் பதில் இருக்கோ? நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். கதவு இடுக்கால் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் நிமிர்ந்து இருக்க முயன்றுகொண்டிருந்தார். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்னொரு முறை சொல்ல என்னிடம் பலம் இல்லை.

"தேடிக்கொண்டிருக்கினம் எண்டு சொல்லு" என்றேன்.

அவள் போய்ச் சொன்னாள். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. "நீதான் சரியாச் சொல்றாய் புள்ள" என்றார். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.