முப்பத்திரண்டு என்றிருந்த குழல்

இதை ஜோடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன். இடம் அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் துப்பாக்கிப் பட்டறை. நவம்பர் 9, மதியம்.

பத்து நாள் முன்பு சோல்வே ஹாகன் ஒரு லீவர் துப்பாக்கியை, அடியிலுள்ள பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை, கொண்டுவந்தாள். நூறு வருஷத்துக்கு மேல் பழசு. "எங்க வீட்டுக்காரர் என்னைவிட இதைத்தான் ஆசையா தடவுறார், ஆரின்" என்று சிரித்தாள். 32 அளவுத் தோட்டா போகும் குழல். உள்ளே துரு அரித்திருந்தது. குடைந்து 38 ஆக்கினேன்.

அளவை மாற்றினால் குழல்மேல் இருக்கும் பழைய எண்ணை வெட்டிப் புது எண்ணைக் குத்த வேண்டும். அது எங்கள் தொழிலில் கட்டாயம். ஆனால் அவள் கணவர் லைல் போனில் கறாராகச் சொன்னார்: "பழைய நம்பர்ல கை வைக்காதப்பா. மதிப்பே போயிடும்." அவரை நான் நேரில் பார்த்ததில்லை. சரி என்றேன். '38 மட்டும்' என்று ஒரு சீட்டு எழுதித் துப்பாக்கியில் கட்டினேன்.

மணி 3.12. லீவர் இழுபடும் சத்தம். கிளிக்... கிளாக்.

லீவரைக் கழற்றி வைத்திருந்தேன். அது என் மேசைமேல் அசையாமல் கிடந்தது.

நிமிர்ந்தேன். எதிரில் ஒருவர். கதவு மணி அடிக்கவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி. அவர் பூட்ஸில் ஈரமே இல்லை. இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தார்.

"புது நம்பரைக் குத்து."

"ஓனர் வேண்டாம்னுட்டார், சார்."

"குத்துப்பா..."

"அவரே சொல்லட்டும்."

விரலிடுக்கில் ஏதோ கசிந்தது. கறுப்பாக...

கண் சிமிட்டினேன். யாருமில்லை.

பயம் வரவில்லை. லீவரை மாட்டினேன். எண்ணைக் குத்தவில்லை. ஐந்து மணிக்குச் சோல்வே வந்து வாங்கிப் போனாள்.

மறுநாள் விடியற்காலை வேட்டையில் லைல் அந்தச் சீட்டை அறுத்தெறிந்திருக்கிறார். அரையிருட்டில் குழலைப் பார்த்து, பழக்கத்தில் 32 பெட்டியைப் பிரித்திருக்கிறார். அகலமான குழலில் தளர்ந்து உட்கார்ந்த சின்னத் தோட்டாவின் உறை, சுட்டதும் பிளந்து பின்னால் தெறித்தது. இடது கண்.

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சவ அடக்கத்தன்று லைலின் படத்தில், பட்டறையில் என் எதிரே நின்ற அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சோல்வே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேட்டைக்கு முந்தின நாள் மத்தியானம் சோபாவுல தூங்கிட்டிருந்தார். மூணேகாலுக்குக் கண்ணைக் கசக்கிட்டே எழுந்து சிரிச்சார். 'கனவுல ஆரின் பட்டறைக்குப் போனேன்டி... எவ்வளவு சொல்லியும் அவன் கேக்கவே இல்லை'ன்னார்."